2,250 மீட்டர் உயரத்தில் பூண்டு சூப்: ரிஸி மலைக் குடில்

தாத்ரா மலைத்தொடரின் தங்கும் குடில்களில் மிக உயரத்தில் இருப்பது ஹாட்டா பொட் ரிஸ்மி. உயரம் 2,250 மீட்டர். போலந்துக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் எல்லையாக நிற்கும் ரிஸி மலையில், ஸ்லோவாக்கியப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு ஒரு மணி நேர நடை. குடிலுக்கு ரோடு கிடையாது, ரோப்கார் கிடையாது. கீழேயிருந்து சரக்கை மனிதர்கள்தான் முதுகில் சுமந்து வருகிறார்கள். உங்கள் தேநீரில் விழும் சர்க்கரையும் சூப்பில் கிடக்கும் பூண்டும் அப்படி வந்தவை. சாப்பாட்டுக்கும் சேவைக்கும் சேர்த்து ஐந்துக்கு ஐந்து போடுகிறேன். ஒரே நாளில் ரிஸி ஏறி இறங்க நினைப்பவர்கள் இந்தக் குடிலை மனதில் வைத்தே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் போலந்தின் கிராகோவில் இருக்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் யோசிக்காமல் போலந்துப் பக்கமே போகிறார்கள்.

முதலில் உயரத்தைப் பற்றி. ரிஸியின் மிக உயர்ந்த முனை 2,503 மீட்டர். ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்கே காரிலேயே போய் இறங்கி மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வரலாம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்று கிளம்பிவிடக் கூடாது. தாத்ரா இருப்பது பூமத்திய ரேகைக்கு 49 பாகை வடக்கே. சுமார் 1,500 மீட்டரிலேயே மரங்கள் முடிந்துவிடும். அப்புறம் இடுப்பளவு குட்டைப் பைன் புதர், அதற்கு மேல் புல், அதற்கும் மேல் வெறும் கருங்கல். ஜூலையிலும் நிழல் பக்கத்துப் பள்ளங்களில் பனி கிடக்கும். ஆகஸ்டில்கூட மேலே பனி பொழிவது உண்டு. குடிலுக்குப் போகும் பாதையை நவம்பர் 1 முதல் கோடையின் தொடக்கம் வரை தேசியப் பூங்கா மூடிவிடுகிறது. மூடியிருக்கும் காலத்தில் போனால் அபராதம்.

நாங்கள் போனது செப்டம்பர் தொடக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. நானும் என் கொழுந்தனும். அவன் கிராகோவில் படிக்கிறான், நான் அங்கே வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் போடி. மலையடிவாரத்தில் வளர்ந்தவர்கள் என்பதால் ஏற்றம் எங்களுக்குப் புதிதில்லை. புதிதாக இருந்தது சங்கிலியைப் பிடித்து ஏறுவது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முந்தின நாள் மாலையே எல்லை தாண்டி ஸ்லோவாக்கியா போய், அடிவாரத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினோம். இதை நான் வலியுறுத்திச் சொல்வேன். கிராகோவிலிருந்து விடியற்காலையில் காரை ஓட்டிக்கொண்டு வந்து, அதே நாளில் ஏறி இறங்கி, திரும்பவும் ஓட்டிக்கொண்டு போவது முடியாத காரியமில்லை. ஆனால் தூக்கமில்லாத காலை வைத்துக்கொண்டு பாறையில் இறங்குவது நல்லதல்ல.

அடிவார ஊர்களை இணைத்துச் சிவப்பு நிற மின்சார ரயில் ஒன்று ஓடுகிறது. போப்ராட் நகரத்தில் ஏறினால் ஸ்தாரி ஸ்மோகோவெட்ஸ் வழியாக ஷ்ட்ர்ப்ஸ்கே பிளெசோ வரை வரும். ரயில் என்று பெயர்தானே தவிர டிராம் மாதிரி, காட்டுக்குள்ளே நின்று நின்று போகும். கடைசி நிறுத்தத்துக்கு முந்தினது போப்ராட்ஸ்கே பிளெசோ. அங்கே இறங்கினால் வெளியார் வண்டிகள் போக முடியாத ஒரு தார் ரோடு, அதில் ஒரு மணி நேரம் நடந்தால் அதே பெயருள்ள ஏரி. உயரம் 1,494 மீட்டர். கடைசி நிறுத்தத்தில் இறங்கி மலைச்சரிவுப் பாதையாகவும் இதே ஏரிக்கு வரலாம். அந்த வழி அழகு, கொஞ்சம் நேரம் கூடுதல். காலையில் தார் ரோட்டில் ஏறி மாலையில் சரிவுப் பாதையில் இறங்குவது சரியாக இருக்கும். ஏரிக்கரையில் பெரிய மலை ஓட்டல் ஒன்றும் உண்டு, காபி கிடைக்கும். நல்ல கழிப்பறைக்கு இதுதான் கடைசி இடம் என்பதால் அவசரப்படாமல் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஏரியிலிருந்து உச்சிக்கு வழிகாட்டிப் பலகைகள் கொடுக்கும் கணக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஓய்வு எடுக்கும் நேரம் அதில் சேராது. மெங்குஷோவ்ஸ்கா பள்ளத்தாக்கின் வழியே நீல வண்ணக் குறி போட்ட பாதை போகும்; கொஞ்ச தூரத்தில் அதிலிருந்து சிவப்புக் குறிப் பாதை வலப்பக்கம் பிரிந்து மேலே ஏறும். அதுதான் ரிஸிக்குப் போவது. வண்ணக் குறிகள் பாறையிலும் மரத்திலும் தெளிவாக இருக்கின்றன. இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு நிறம். மூடுபனி இறங்கினாலும் அடுத்த குறி கண்ணில் படும்வரை நின்று பார்த்து நடந்தால் வழி தவறாது.

சுமை விஷயம் இந்தப் பாதையில்தான். குடிலுக்குப் போக வேண்டிய சரக்கில் ஒரு பகுதியைக் கீழே பாதையோரம் வைத்திருப்பார்கள். வருகிற மலையேறிகள் விருப்பப்பட்டால் தங்களால் முடிந்ததை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு மேலே கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொடுத்தால் குடிலில் தேநீர் இலவசம். பல ஆண்டுகளாக இருக்கும் வழக்கம் இது. கொழுந்தன் விறகுக் கட்டைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மதினி, நீங்க எடுக்க வேண்டாம், நானே ரெண்டு பேருக்கும் சேர்த்து எடுக்கிறேன்" என்றான். "தம்பி, சங்கிலிகிட்ட வந்து முதுகு பின்னால இழுக்கும், பார்த்துக்க" என்று சொல்லி அளவாக எடுக்க வைத்தேன். எனக்கு நான் எடுத்தது சின்னச் சுமைதான். எடையைவிட அது பையில் உட்காரும் விதம் முக்கியம். முதுகோடு ஒட்டி, ஆடாமல் இருக்க வேண்டும். குடைசாய்ந்து தொங்கும் சுமை பாறையில் ஆபத்து. முதல்முறை வருகிறவர்களும், இறுக்கமான பட்டை இல்லாத பையோடு வருகிறவர்களும் இதைத் தவிர்த்துவிடலாம். தேநீரைக் காசு கொடுத்தே குடிக்கலாம்.

தொழிலாகச் சுமப்பவர்களை இதற்கப்புறம் பார்த்தோம். தாத்ராவின் ஸ்லோவாக்கியப் பக்கத்தில் சில குடில்களுக்கு இன்னும் இப்படித்தான் சரக்குப் போகிறது. மரச் சட்டம் ஒன்று, உயரமான ஏணித் துண்டு போல இருக்கும், அதில் தோல் பட்டைகள். அதில் பீர் பீப்பாய், எரிவாயு உருளை, உருளைக்கிழங்கு மூட்டை, முட்டை அட்டை என்று அடுக்கி, தலைக்கு மேலே இரண்டு அடி நிற்கும்படி கயிற்றால் இறுக்கிவிடுகிறார்கள். எங்களைத் தாண்டிப்போனவர் ஒல்லியான, தாடி நரைத்த மனிதர். ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஒரே சீராகச் சின்னச் சின்ன அடி. கை இரண்டையும் மார்புக்கு முன்னால் பட்டைக்குள் செருகி வைத்திருந்தார். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது, ஆனால் அதுவும் அடியோடு சேர்ந்த தாளத்தில். ஓய்வெடுக்கும்போது சுமையை இறக்குவதில்லை. இடுப்புயரப் பாறை ஒன்றில் சட்டத்தின் அடியை வைத்து அப்படியே சாய்ந்து நிற்கிறார். எந்தப் பாறை என்பதுகூட வழக்கமாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் தேடாமல் நேராக அதனிடம் போனார். ஒதுங்கி வழிவிட்டோம். "ஆஹோய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தத் தொழிலில் லாட்ஸோ குலாங்கா என்பவரின் பெயரைத் தாத்ராவில் எல்லோரும் சொல்வார்கள். ஸாம்கோவ்ஸ்கி குடிலுக்கு ஒரே நடையில் 207.5 கிலோ சுமந்து சேர்த்தவர். சாதாரண நாளில் ஐம்பது, அறுபது கிலோ, அதற்கும் மேல் என்று சுமப்பது இவர்களுக்கு வழக்கம். இங்கே இதற்குத் தனி மரியாதை இருக்கிறது. படித்துவிட்டு விரும்பி இந்த வேலைக்கு வருகிறவர்கள் உண்டு, சுமை தூக்கும் போட்டிகளே நடக்கின்றன. எங்கள் ஊர்ப்பக்கம் எஸ்டேட்டுகளுக்குத் தலைச்சுமையாகச் சாமான் கொண்டுபோன ஆட்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் ஒதுங்கி வழிவிட்டு வணக்கம் சொன்னதாக நினைவில்லை. அந்த நினைப்பு ஏறும் வழியெல்லாம் கூடவே வந்தது.

ஷாபியே ஏரிகள், அதாவது தவளை ஏரிகள், சுமார் 1,920 மீட்டரில் வரும். பெரியது ஒன்று, சின்னது ஒன்று. இங்கே உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். நாங்கள் சப்பாத்திச் சுருளும் கடலைமிட்டாயும் கொண்டுபோயிருந்தோம். இந்த மாதிரி நடைக்குக் கடலைமிட்டாயை மிஞ்ச எந்தச் சத்துப் பட்டியும் இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். குளிரில் கல்லாக இறுகாது, உருகாது, வெல்லம் உடனே வேலை செய்யும்.

ஏரிகளைத் தாண்டியதும் சங்கிலி. பாறைச் சுவரில் இரும்புச் சங்கிலிகளும் கால் வைக்க இரும்புப் படிகளும் அடித்திருக்கிறார்கள். பகுதி சின்னதுதான். மூன்று பிடி எப்போதும் பாறையிலோ இரும்பிலோ இருக்க வேண்டும் என்ற விதியைக் கடைப்பிடித்தால் உயரத்துக்குப் பயப்படாத எவரும் ஏறலாம். ஈரமாக இருந்தால் இரும்பு வழுக்கும். காலையில் அதன் மேல் மெல்லிய பனிப்படலம் இருக்கலாம். கையுறை அவசியம், விரல் நுனி வெட்டியது போதும். குறை என்று சொன்னால் கூட்டம்தான். செவ்வாய்க்கிழமையே இரண்டு பக்கமும் ஆட்கள் காத்திருந்தார்கள். ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் இங்கே மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் ஒரே சங்கிலிக்கு நிற்பார்கள். ஏழு மணிக்குள் போப்ராட்ஸ்கே ஏரியைத் தாண்டிவிட்டால் ஏறும்போது இந்தத் தொல்லை இல்லை. அவசரக்காரர்கள் சிலர் சங்கிலியை விட்டுவிட்டுப் பக்கத்துப் பாறையில் ஏறினார்கள். அவர்கள் காலில் பட்டு உருண்ட கல், கீழே நின்ற ஒரு பெண்ணின் தோளுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. ஹெல்மெட் கட்டாயமில்லை. நான் இனி ஹெல்மெட் இல்லாமல் அங்கே போகமாட்டேன்.

அதற்கப்புறம் கற்குவியல் நடுவே வளைந்து வளைந்து ஏறினால் குடில் வந்துவிடும். வருவதற்குச் சற்று முன்னால் "சுதந்திர ரிஸி ராஜ்யம்" என்று ஒரு பலகை. பேருந்தே வராத இடத்தில் ஒரு பேருந்து நிறுத்தப் பலகையும் நட்டு வைத்திருக்கிறார்கள். களைத்து வந்த முகங்கள் எல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பதைக் கவனித்தேன்.

குடில் 1933இல் திறக்கப்பட்டது. பனிச்சரிவுகள் பலமுறை அதை உடைத்திருக்கின்றன. 2000ஆம் ஆண்டு வந்த சரிவு பெரிய சேதம் செய்தது. ஒவ்வொரு முறையும் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இப்போது நிற்பது 2013இல் முடிந்த புதுப்பிப்பு. 1977இலிருந்து பல பத்தாண்டுகள் இதைப் பார்த்துக்கொண்டவர் விக்டர் பெரானெக். ஸ்லோவாக்கியாவில் மலையேறிகளுக்கெல்லாம் தெரிந்த பெயர். குடில் கோடையில் மட்டும்தான் திறந்திருக்கும். படுக்கைகள் மிகக் குறைவு, ராத்திரி தங்குவது என்றால் வெகு முன்னாலேயே பதிந்துகொள்ள வேண்டும். நம்மைப் போலப் பகலில் வந்து போகிறவர்களுக்கு அது பிரச்சினையில்லை.

உள்ளே நுழைந்ததும் ஈரக் கம்பளியும் விறகுப் புகையும் பூண்டும் சேர்ந்த ஒரு வாசனை. நீள மர மேசைகள், பெஞ்சுகள். இடம் இல்லையென்றால் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தானாகவே நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுக்கிறார்கள். கல்லாப் பக்கம் நின்ற பெண்ணிடம் விறகை இறக்கி வைத்தோம். அவர் கையில் எடுத்து எடை பார்ப்பது போல ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, கொழுந்தனின் தோளைத் தட்டி, இரண்டு பெரிய கோப்பைத் தேநீரை நீட்டினார். எங்களுக்குப் பின்னால் நின்ற குடும்பத்தில் எட்டு வயது இருக்கும் ஒரு பையன் ஒரே ஒரு கட்டையைக் கொண்டுவந்திருந்தான். அவனுக்கும் அதே அளவு கோப்பை, அதே தோள் தட்டல்.

தேநீர் பால் இல்லாதது. எலுமிச்சையும் சர்க்கரையும் தாராளமாகப் போட்டது. விரும்பினால் ரம் ஊற்றித் தருவார்கள், நாங்கள் வேண்டாம் என்றோம். உச்சி இன்னும் பாக்கி இருக்கும்போது ரம் யாருக்குமே வேண்டாம் என்பேன். தேநீரின் தரம் என்று பார்த்தால் சாதாரணத் தூள்தான், சாயம் கூடுதல். ஆனால் கோப்பையைச் சுற்றி இரண்டு கையையும் வைத்துப் பிடித்தால் விரல்களுக்கு உயிர் வரும். கீழே தொழிற்சாலைப் பொட்டலத்தில் வரும் இனிப்புப் பானங்களுக்கு நடுவே, இங்கே ஒரு பெரிய பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்க வைத்திருந்து கரண்டியால் மொண்டு ஊற்றுவது மனதுக்கு நிறைவாக இருந்தது.

பூண்டு சூப்பைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஸ்லோவாக்கியாவில் எல்லா இடத்திலும் கிடைக்கும் பண்டம் இது. நான் ருசி பார்த்தவற்றில் பாதி வெறும் வெந்நீரில் பூண்டுப் பொடி. இங்கே அப்படியில்லை. கெட்டியாகவும் இல்லாமல் நீர்க்கவும் இல்லாமல், உருளைக்கிழங்கு கரைந்து லேசாகக் கலங்கிய சாறு. பூண்டை நசுக்கிக் கடைசியில் போட்டிருந்ததால் காரம் மூக்கில் ஏறியது. மேலே வறுத்த ரொட்டித் துண்டுகளும் துருவிய பாலாடைக் கட்டியும். பாலாடைக் கட்டி கரண்டியோடு நூல் நூலாக இழுபட்டுக்கொண்டு வரும். ரொட்டித் துண்டுகள் ஊறுவதற்குள் பாதி சூப்பைக் குடித்துவிட வேண்டும். மீதிப் பாதியில் அவை ஊறிக் கிடக்கும், அது வேறு சாப்பாடு. கொஞ்சம் மிளகு மட்டும் நான் கூடப் போட்டுக்கொண்டேன். சைவம் சாப்பிடுபவர்கள் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் இறைச்சிச் சாற்றில் சூப் செய்வது சாதாரணம். நாங்கள் கேட்டபோது பொறுமையாக விளக்கினார்கள்.

விலை அடிவார ஓட்டல்களைவிடக் கூடுதல்தான். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் ஒரு பாட்டில் தண்ணீரின் விலையைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பாட்டில் சங்கிலியைத் தாண்டி எப்படி வந்தது என்பதை அவர் வந்த வழியிலேயே பார்த்திருப்பார். இங்கே விலை நியாயமானது. யூரோவைப் பணமாகவே கொண்டுபோங்கள், மலையில் அட்டை இயந்திரத்தை நம்பிப் போகக் கூடாது. குப்பையை அங்கே விட்டுவிட்டு வரவேண்டாம். விட்டால் அதையும் இன்னொருவர் முதுகில் ஏற்றித்தான் கீழே கொண்டுபோக வேண்டும். கழிப்பறை குடிலுக்கு வெளியே, சற்றுத் தள்ளி இருக்கிறது, காற்றடிக்கும்போது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே போங்கள்.

குடிலிலிருந்து வாஹா கணவாய் இருபது நிமிடம், உயரம் 2,337 மீட்டர். அங்கிருந்து உச்சி வரை பாறை மேல் கையும் காலும் வைத்து ஏறுவது. சங்கிலி இல்லை, ஆனால் கடைசிப் பகுதியில் பக்கவாட்டில் பார்த்தால் வயிறு ஒரு தரம் சுருங்கும். ரிஸிக்கு மூன்று முனைகள். எல்லை ஓடும் முனை 2,499 மீட்டர் என்று வழக்கமாகச் சொல்வார்கள், போலந்து நாட்டின் மிக உயர்ந்த இடம் அதுதான். 2,503 மீட்டர் உள்ள நடு முனை முழுக்க ஸ்லோவாக்கியாவுக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சில நிமிடப் பாறை நடை. போலந்துப் பக்கம் எட்டிப் பார்த்தால் நேர் கீழே இரண்டு ஏரிகள், ஒன்றின் கீழ் ஒன்றாக: கரும்பச்சையாக ச்சார்னி ஸ்தாவ், அதற்குக் கீழே மோர்ஸ்கியே ஓக்கோ. இந்தப் பக்கம் திரும்பினால் விசோக்கா சிகரத்தின் இரட்டைக் கொம்பு, அதற்குப் பின்னால் 2,655 மீட்டர் கெர்லாக், தாத்ராவிலேயே உயர்ந்தது.

உச்சியில் இரண்டு நாட்டு ஆட்களும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். "செஷ்ச்" என்றால் போலந்திலிருந்து ஏறியவர், "ஆஹோய்" என்றால் ஸ்லோவாக்கியப் பக்கம். 2007 டிசம்பர் 21 அன்று இரண்டு நாடுகளும் ஷெங்கன் பகுதியில் சேர்ந்ததிலிருந்து எல்லையில் வழக்கமான சோதனை இல்லை. நானும் கொழுந்தனும் ஒரு பாறையின் இரண்டு பக்கத்தில் இரண்டு நாட்டில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்துக் கடலைமிட்டாயைச் சாப்பிட்டோம். எனக்கு அது பெரிய விஷயமாகத்தான் இருந்தது. நம் நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு எல்லை என்றால் வரிசை, கேள்வி, முத்திரை. ஆனாலும் கடவுச்சீட்டையும் வசிப்பிட அட்டையையும் பையில் வைத்திருங்கள்; காவலர்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறது.

இந்த மலையில் முதலில் ஏறியதாகப் பதிவில் உள்ளவர்கள் ஏடே பிளாஷியும் அவருடைய வழிகாட்டி யான் ருமானும், 1840இல். லெனின் 1913இல் ஏறினார் என்று சொல்வார்கள். அப்போது அவர் போலந்துப் பக்கம் போரோனின் கிராமத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார்.

இப்போது போலந்து வழி. கொழுந்தன் போன வருடம் நண்பர்களோடு அப்படித்தான் ஏறினான். பாலெனிட்ஸா பியால்சான்ஸ்காவில் வண்டியை நிறுத்திவிட்டு, 9 கிலோமீட்டர் தார் ரோட்டில் நடந்து மோர்ஸ்கியே ஓக்கோ. பார்க்கிங்குக்கு முன்பதிவு வேண்டும், பூங்காவுக்கு நுழைவுச் சீட்டும் உண்டு. அங்கிருந்து ச்சார்னி ஸ்தாவ் ஏரிக்கு ஏறி, அப்புறம் 900 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக. சங்கிலிகள் நீளமானவை, பல இடங்களில் கீழே ஒன்றுமில்லாத வெளி. வருடா வருடம் அங்கே உயிர்கள் போகின்றன. போய்வர பத்து, பன்னிரண்டு மணி நேரம். காட்சி பிரமாதம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏரிக்கு மேல் ஒரு டம்ளர் வெந்நீர் கொடுக்க ஆள் கிடையாது. மழை பிடித்தால் ஒதுங்க இடம் கிடையாது. ஸ்லோவாக்கியப் பக்கம் உச்சியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கூரையும் சூடும் இருக்கிறது என்பது என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரியது. போலந்தில் ஏறி ஸ்லோவாக்கியாவில் இறங்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள், மாலையில் வேறு நாட்டில், வண்டியிலிருந்து வெகுதூரத்தில் நிற்பார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளவும்.

இறங்கும்போது போப்ராட்ஸ்கே ஏரிக்கரையிலிருந்து கொஞ்சம் விலகி, நினைவுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஓவியர் ஒட்டாகர் ஷ்டாஃபில் முயற்சியில் 1940இல் திறக்கப்பட்ட இடம். புதைக்கப்பட்டவர்கள் யாரும் இங்கே இல்லை. மலையில் இறந்தவர்களின் பெயர்ப் பலகைகளைப் பாறைகளில் பதித்திருக்கிறார்கள். நடுநடுவே வண்ணம் பூசிச் செதுக்கிய மரச் சிலுவைகள். இமயமலையில் இறந்த ஸ்லோவாக்கியர்களின் பெயர்களும் இருக்கின்றன. "இறந்தவர்களின் நினைவுக்கு, இருப்பவர்களின் எச்சரிக்கைக்கு" என்பது இந்த இடத்தின் வாசகம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 23 பேர் இறந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் மலை அது. அவர்கள் பெயரும் இப்படிப் பாறையில், நடப்பவர்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று கொழுந்தனிடம் சொன்னேன். "இருக்கணும் மதினி" என்றான். பெயர்களைப் படித்துக்கொண்டே மெதுவாகத்தான் நடந்தோம்.

காப்பீடு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். போலந்துப் பக்கம் மலை மீட்புக் குழு பணம் வாங்குவதில்லை. ஸ்லோவாக்கியாவில் மீட்புச் செலவு உங்கள் தலையில்தான். ஹெலிகாப்டர் வந்தால் தொகை ஆயிரக்கணக்கான யூரோ. மலை மீட்பைச் சேர்த்த ஒருநாள் காப்பீடு சில யூரோவுக்குக் கிடைக்கும், கைப்பேசியிலேயே எடுத்துவிடலாம். ஸ்லோவாக்கிய மலை மீட்பு எண் 18300, போலந்துப் பக்கம் 985. இரண்டையும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், உச்சியில் எந்த நாட்டு சிக்னல் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. கோடைப் பிற்பகலில் இடி மின்னல் சாதாரணம். சங்கிலியில் கை வைத்திருக்கும்போது மின்னல் வரக் கூடாது. மதியத்துக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடுவது போல நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பனி முழுக்கக் கரைந்து, கூட்டமும் இடியும் குறைந்த மாதம் என்பதால் செப்டம்பரைத்தான் நான் சொல்வேன். நடைக்கோல் எடுத்துப்போனால் மடக்கிப் பையில் கட்டக்கூடியதாக இருக்கட்டும். நான் ஒரு வாடகைக் கடையில் எடுத்த கோலின் பூட்டு, எடை வைக்கும்போதெல்லாம் நழுவி உள்ளே போய்க்கொண்டிருந்தது. வாங்கும் இடத்திலேயே முழு உடம்பையும் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா என்று கேட்பவர்களுக்கு: மலை நடை பழகிய பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் என்றால் குடில் வரை சரி, சங்கிலியில் முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பெரியவர் இருக்க வேண்டும். உச்சியை அந்த இடத்தில் நின்று முடிவு செய்யுங்கள். குடிலோடு திரும்பினாலும் அந்த நாள் வீணில்லை.

ஏறும்போது குடிலில் தேநீர் மட்டும் குடியுங்கள், வயிறு நிறையச் சாப்பிட்டால் அதற்கு மேல் பாறை ஏறுவது கஷ்டம். சூப்பை இறங்கி வரும்போது வாங்குங்கள். மூன்று மணிக்கு மேல் ஆனால் அன்றைக்குச் செய்தது தீர்ந்துபோகும் என்று கல்லாவில் நின்ற பெண் சொன்னார், அதனால் ஏறும்போதே எத்தனை பேருக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம். எங்களுக்கு எடுத்து வைத்திருந்தார்கள்.